கீறல் விழுந்த இடது கண்ணாடி

முதலில் வலி இல்லை. யாரோ இடது கண்ணில் வெந்நீரை விசிறி அடித்தது போல ஒரு சூடு, அவ்வளவுதான். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தேன். வியர்வை என்று நினைத்தேன். எதிரில் குந்தியிருந்த சேகரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அது வியர்வை இல்லை என்று புரிந்தது. அந்த முகத்தை வலது கண்ணால் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போது மனதில் வந்தது பயம் இல்லை. "இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் முதலில் வந்தது.

பட்டறை வேலையில் கண்ணில் அடிபட்டவர்கள், ஆஸ்பத்திரி பெஞ்சில் கட்டோடு காத்திருப்பவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள், உங்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணைப் பற்றி டாக்டர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். கூடவே வரும் பொறாமையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுவும் ஒரு காயம் மாதிரிதான். மூடி வைத்தால் புரையோடும்.

என் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டை ஒட்டிய சிற்றூர். சாமையும் புளியும் பலாவும்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பத்தாவது முடித்து, ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, மலையடிவாரத்தில் திருப்பத்தூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். கிரில் கேட்டும் இரும்பு ஜன்னலும் செய்யும் பட்டறை.

நான் சேர்ந்த மறுவருடம் முதலாளி ஒரு கை கிரைண்டர் வாங்கினார். மாவாட்டும் கிரைண்டர் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேகமாகச் சுழலும் வட்டக் கல்லால் இரும்பைத் தேய்க்கும் மின்சார மிஷின். அந்தக் கல்லை நாங்கள் வீல் என்போம். வெல்டிங் வைத்த இடத்தில் முண்டும் முடிச்சுமாக நிற்கும் இரும்பை, அரத்தை வைத்து அரை நாள் ராவினாலும் போகாததை, அது கண் மூடித் திறப்பதற்குள் மழமழவென்று ஆக்கிவிடும். பொறி ஒரு ஆள் தூரத்துக்குப் பறக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

மிஷினோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வந்தது. ஒன்றே ஒன்று. இரண்டு வட்டக் கண்ணாடி, பக்கவாட்டை மறைக்கும் தோல், தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டும் நாடா. அதை யார் போடுவது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. வழக்கம் தானாக வந்துவிட்டது. மிஷினைப் பிடிப்பவன் கண்ணாடி போடுவான். இரும்பைப் பிடிப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மிஷினைப் பிடித்தவன் சேகர். முதலாளியின் மச்சான், முதலாளியம்மாவின் தம்பி. என் வயதுதான். எட்டாவதோடு நின்றுவிட்டவன். இரும்பைப் பிடித்தவன் நான்.

எங்கள் ஊர்ப்பக்கம் எல்லா வேலையும் தரையில் குந்தித்தான். இரும்பைக் கால்விரலுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் இன்னொரு கை கிடைத்த மாதிரி. மலையில் அரிவாள் தீட்டுவதும் அப்படித்தான், பட்டறையில் நான் இரும்பைப் பிடித்ததும் அப்படித்தான். ஐடிஐயில் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரும்பை வைஸில் (மேசையோடு பொருத்திய இடுக்கி) இறுக்க வேண்டும், வீலுக்கு மேல் அரை வட்ட இரும்பு மூடி இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். மிஷின் வாங்கிய வாரமே அந்த மூடியைச் சேகர் கழற்றிவிட்டான். கிரில்லின் மூலைக்குள் அது இடித்தது. நான் எடுத்துச் சொன்னபோது பட்டறையே கேட்கும்படி அவன் சொன்னான்:

"சர்டிபிகேட்ட காட்டினா வீலு சுத்துமா அண்ணாமல? சுச்சு போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த மிஷின் என் கைக்கு வர வேண்டும் என்பது. அது சேகருக்கும் தெரியும். அதனால்தான் என் பேச்சு எடுபடவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவினோம். சுத்தியல், குறடு, அரம், எல்லாவற்றையும் மஞ்சள் கரைத்த தண்ணீர்த் தொட்டியில் போட்டோம். சேகர் கிரைண்டரிலிருந்து வீலைக் கழற்றி அதையும் போட்டான். கல்லில் ஒட்டியிருந்த கரி நன்றாக ஊறிப் போகட்டும் என்று மறுநாள் வரை விட்டு, எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தவறு என்று தோன்றவே இல்லை. மலையில் தீட்டுகிற கல் எப்போதும் தண்ணீரில்தான் கிடக்கும். காய்ந்த கல்லில் யாராவது அரிவாளை வைத்தால்தான் எங்கள் ஆட்கள் சத்தம் போடுவார்கள்.

பூஜை முடிந்ததும் புதூர்நாட்டில் வேலை வந்தது. அங்கே கட்டிக்கொண்டிருந்த பள்ளி விடுதிக்கு ஜன்னல் பொருத்த வேண்டும். ஜீப்பில் மிஷினை ஏற்றிக்கொண்டு நானும் சேகரும் போனோம். சொந்த ஊருக்கு வேலை செய்யும் ஆளாகப் போகிறேன். புதுச்சட்டை போட்டிருந்தேன்.

விடுதிக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. வேலை ஆரம்பித்ததும் சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். கிரைண்டர் என்று நான் சொன்னதும் ஒரு பெரியம்மா, "மாவு எங்கடா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அது சாமை அறுப்புக்கு முந்தின நேரம். இது கரண்டில் ஓடும் சாணை என்று தெரிந்தவுடன் ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி அரிவாளோடு வந்தார்கள். முதல் ஆள் என் அப்பா.

அவர் அரிவாளை என்னிடம்தான் நீட்டினார். நான் அதை வாங்கித் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டேன். சேகர் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு மிஷினை எடுத்தான்.

"நீ ஓட்ட மாட்டியாடா?" என்று அப்பா கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன்பே சேகர் சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணாமல புடிச்சாத்தான் பெரியப்பா ஆடாம இருக்கும். அதுக்கும் படிப்பு வேணும் இல்ல?"

அப்பாவும் சிரித்தார். மகனைக் கேலி செய்கிறான் என்று அவருக்குத் தோன்றவில்லை, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் வழக்கப்படி உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வந்தார். புதுக் கல்லில் அரிவாள் வைக்கும்போது அரிவாளுக்கு உரியவர் கையால் கல்லுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். நிறுத்தி வைத்திருந்த வீலின் மேல் அதை ஊற்றினார். சேகர் தடுக்கவில்லை. "நல்லா ஊற வெச்ச கல்லுதான் பெரியப்பா, பூஜைக்கு ராத்திரி பூரா தண்ணியில கெடந்தது" என்றான். அப்பாவுக்குத் திருப்தி. "கைகாரன்டா இந்தத் தம்பி" என்றார், என்னைப் பார்த்து.

என் ஊரில், என் ஆட்கள் முன்னால், என் அப்பா வாயிலிருந்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எப்போதும் முகத்தைத் திருப்புகிறவன் அன்று திருப்பவில்லை. சேகரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிவாளின் உள்வளைவுக்குள் வீல் நுழைந்தது. ஒரு சத்தம். சட்டி உடைகிற சத்தத்தைவிடப் பெரிதில்லை.

வீல் மூன்று நான்கு துண்டாகச் சிதறியிருந்தது. ஒரு துண்டு சேகரின் சட்டைத் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. ஒன்று அவனுடைய கண்ணாடியின் இடது வட்டத்தில் பட்டு நீளமாகக் கீறிவிட்டுத் தெறித்தது. ஒன்று என் இடது கண்ணுக்கு வந்தது.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கோவையாக அறிந்தேன். பால் கொடுக்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்து கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கண்ணுக்கு எது வந்தாலும் அதுதான் முதல் மருந்து. சேகர் யாரையும் கிட்டே விடவில்லை. கழுவவும் விடவில்லை, துண்டால் கட்டவும் விடவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டி, நாடாவைத் தளர்த்திவிட்டு, ஜீப்பை எடுக்கச் சொல்லிக் கத்தினான்.

எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். மலைப்பாதை முழுவதும் அந்தக் கண்ணாடி என் முகத்தில் இருந்தது. எத்தனை மாதம் ஆசைப்பட்டது. வளைவுக்கு வளைவு ஜீப் குலுங்க, அதன் தோல் விளிம்பில் சேகரின் வியர்வை நாற்றம் வந்துகொண்டே இருந்தது.

திருப்பத்தூரில் ஊசி போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றும்போது, "இதை யார் போட்டுவிட்டது?" என்று கேட்டார். சேகர் பயந்துகொண்டே கையைத் தூக்கினான். "நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. கண்ணை யாரும் தொடாம, அழுத்தாம கொண்டு வந்திருக்கீங்க" என்றார்.

உங்களுக்கும் இதையே சொல்கிறேன். கண்ணில் ஏதாவது குத்திக் கிழித்துவிட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், உள்ளே நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணில் படாமல், கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் நிற்கும்படி ஒரு காகிதக் குவளையையோ எதையோ கவிழ்த்து மூடி, அப்படியே அழைத்துப் போங்கள். இதை நான் சேகரிடமிருந்துதான் கற்றேன். அதை எழுதும்போது இப்போதும் பேனா கொஞ்சம் தயங்குகிறது. கண் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் என் காதில் விழுந்த முதல் பாராட்டும் அவனுக்குத்தான் கிடைத்தது.

அன்றே அறுவை செய்தார்கள். கருவிழி (கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் பகுதி) குறுக்கே கிழிந்திருந்தது. கிழிசல் வெண்விழி வரை போயிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். பார்வை வருமா என்பதை உடனே சொல்ல முடியாது, முதலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம், வெளிச்சம் தெரிந்தால் பிறகு மற்றதை யோசிக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம்.

அடுத்த கட்டிலில் கலசப்பாக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்து மங்கிப்போவது) அறுவை செய்துகொண்டவர். அவருக்குக் கட்டுப் பிரித்துத் தடித்த கண்ணாடி போட்டுவிட்ட காலை எனக்கு மறக்காது. மனிதர் பார்த்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஃபேன் இறக்கையில் தூசி இருக்கிறது. ஜன்னல் கம்பியில் துரு. நர்சம்மா காதில் தோடு சின்னது. தன் மனைவியைப் பார்த்து, "இன்னாடி இது, இப்டி நரச்சிக்கினு இருக்க?" என்றார். அந்த அம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சிரித்தார். வார்டே சிரித்தது.

எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. எழுபது வயது மனிதர். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்தவர். எனக்கு இருபத்து மூன்று. அவர் ஃபேன் தூசியைப் பார்க்கிறார். அவர் எனக்கு ஆரஞ்சுச் சுளை உரித்து நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை, தூங்குவது போலக் கிடந்தேன். ஒரு கண்ணை மட்டும் மூடினால் போதும் என்பது அதிலும் ஒரு வசதி.

தினமும் காலையில் டாக்டர் டார்ச்சோடு வருவார். வலது கண்ணை நர்சம்மா நன்றாகப் பொத்திக்கொள்ள, இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, "தெரியுதா?" என்பார். முதல் நாள் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் எப்படி ஆனது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் "சரி" என்று அவர் சொன்னது பிடிக்கவில்லை. மறுநாள் கவனித்தேன். டார்ச்சின் பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு, "தெரியுதுங்க" என்றேன். அணைக்கும்போது, "இப்ப இல்லைங்க" என்றேன். இரண்டு மூன்று முறை பார்த்தும் நான் தவறவே இல்லை.

அப்பா வராந்தாவில் யாரிடமோ, "வெளிச்சம் தெரியுதாம்" என்று சொல்வது கேட்டது. சேகர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். அன்று முழுவதும் எனக்கே தெரிகிற மாதிரி இருந்தது. கட்டுக்கு உள்ளே வெள்ளையாக ஏதோ நகர்ந்தது.

அதற்கடுத்த நாளும் 'டிக்' என்றது. "தெரியுதுங்க" என்றேன். வலது கண்ணைப் பொத்தியிருந்த கையை நர்சம்மா எடுத்தார். டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் முகத்தை டாக்டர் தன் உள்ளங்கையால் மூடியிருந்தார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. அதை என் வலது கண் பார்த்தது.

அவர் திட்டவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியணும்னு எனக்கும் ஆசைதான் அண்ணாமலை" என்றார்.

அப்புறம் மெதுவாக விளக்கினார். இடது கண்ணில் இனி பார்வை இல்லை. கதை அதோடு முடிந்தால் பரவாயில்லை. இப்படிக் கிழிந்து பார்வை போன கண்ணை உள்ளே விட்டு வைத்தால், சிலருக்கு உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கத் தொடங்கும். அந்த எதிர்ப்பு நல்ல கண்ணையும் சேர்த்துத் தாக்கலாம். டாக்டர்கள் இதைப் பரிவு அழற்சி என்கிறார்கள் (ஒரு கண்ணுக்காக மறு கண் வீங்கிச் சிவந்து பார்வை இழப்பது). எல்லோருக்கும் வராது. ஆனால் வந்துவிட்டால் இரண்டும் போகும். அடிபட்ட இரண்டு வாரத்துக்குள் கண்ணை எடுத்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. முடிவு உங்களுடையது, ஆனால் நாள் போகிறது என்றார்.

நான் முடியாது என்றேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லியிருப்பேனா தெரியாது. வலி, பயம் எல்லாம் உண்டு. ஆனால் உண்மையான காரணம் வேறு. சேகர் இரண்டு கண்ணோடு பட்டறைக்குத் திரும்புவான். நான் குழியோடு போவேன். தெரியாத கண்ணாக இருந்தாலும் கண் என்று ஒன்று முகத்தில் இருந்தால், அவனுக்கு எதிரில் நிற்கலாம். அதோடு, சிரிக்காதீர்கள், என் வலது கண் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அதே முகத்தில்தான் இருந்தது, அதே பொறி முன்னால்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் தப்பித்தது அது. இப்போது அதைக் காப்பாற்ற இடது கண் போக வேண்டுமாம்.

அப்பா, "டாக்டரு சொல்றது சரிதான்டா" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. சாமை அறுப்பு தொடங்கியிருந்தது, கழனியை விட்டுவிட்டு வந்து வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

மத்தியானம் சேகர் வந்தான். தினமும் வருவான், ஏதாவது வாங்கி வருவான், நான் பேசமாட்டேன். அன்று ஒன்றும் வாங்காமல் வந்து நின்றான்.

"அண்ணாமல, நானு அன்னிக்கி ஒரு தடவயாவது மிஷின உங்கிட்ட குடுத்திருக்கணும். உங்கப்பா கேட்டாரு. நீ புடிச்சிருந்தா கண்ணாடி உம்மேல இருந்திருக்கும்."

"அப்ப உன் கண்ணு போயிருக்கும்."

"ஆமா."

அவன் அதைச் சொன்ன விதத்தில் நடிப்பு இல்லை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உனக்கு ரெண்டும் நல்லா தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது."

"எப்டி இருக்குது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சேகர் போன பிறகு கலசப்பாக்கத்துப் பெரியவர் என் பக்கம் திரும்பாமலே, "அந்தப் புள்ள கீழ படிக்கட்டுல ஒரு கண்ண பொத்திக்கினு நடந்து நடந்து பாக்குது தம்பி. நேத்து ரெண்டு படி தவறி வுழுந்துச்சி" என்றார்.

நான் அழுதேன் என்று நினைக்கிறீர்களா? அதிலும் பொறாமைதான் வந்தது. அவன் கையை எடுத்தால் இன்னொரு கண் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எப்போதோ அழுதிருக்கிறேன், தலையணை நனைந்திருந்தது.

மறுநாள் காலை வலது கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வெளிச்சம் கூசியது. ஃபேன் இறக்கை மங்கலாக இருந்தது. நர்சம்மா கொண்டுவந்த சிறு கண்ணாடியில் பார்த்தேன், சிவந்திருந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் வருகிற வரை அந்த ஃபேனை விட்டு நான் பார்வையை எடுக்கவில்லை. தூசி தெரிகிறதா, தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தின வாரம் ஒருவர் தூசி தெரிகிறது என்று சொன்னதற்கு அவர் கழுத்தை நெரிக்க நினைத்தவன் நான்.

டாக்டர் நெடுநேரம் கருவியில் பார்த்தார். "அது இல்லை. ராத்திரி அழுதிருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார்.

"எடுத்துடுங்க" என்றேன்.

சம்மதத் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் அதுவரை எந்தத் தாளிலும் கைநாட்டுத்தான். அப்பா பக்கத்தில் நின்று என் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை எடுத்த பிறகு வலி சீக்கிரம் அடங்கிவிட்டது. அடங்காதது தூரம். ஒரு கண்ணுக்கு உலகம் படம் மாதிரி தட்டையாகத் தெரியும். சொம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே விழும். கை கொடுக்க நீட்டினால் ஆள் இன்னும் ஒரு முழம் தள்ளி இருப்பார். கதவுச் சட்டத்தில் இடது தோள் இடிக்கும். உங்களுக்கும் இது நடக்கும், பயப்பட வேண்டாம். சொம்பின் மூக்கைத் தம்ளர் விளிம்பில் தொட்டுவிட்டு ஊற்றுங்கள். படி இறங்கும்போது முதல் படியைக் காலால் தடவுங்கள். தலையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால் எது கிட்டே எது தூரம் என்று மூளை மெதுவாகக் கற்றுக்கொள்ளும். எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

செயற்கைக் கண் பொருத்தப் போனபோது ஒரு தட்டு நிறையக் கண்களை வைத்து ஒவ்வொன்றாக என் வலது கண்ணோடு ஒப்பிட்டார்கள். சேகர்தான் கூட வந்தான். நான் கூப்பிடவில்லை. "இது ஒத்துக்காது சார், இவங்க மலை ஆளுங்களுக்குக் கண்ணு இதவிடக் கறுப்பு" என்று கடைசி வரை மல்லுக்கட்டி, சரியானதை அவனே பொறுக்கினான். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் பொறுக்கியிருந்தான்.

வீல் ஏன் உடைந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. முதலாளி புது வீல் வாங்கப் போன கடையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். அது மலைக்கல் இல்லை, பொடியைப் பிசின் வைத்து அழுத்திச் செய்தது. ஊறினால் பிசின் வலுவிழக்கும், ஒரு பக்கம் நீர் இறங்கி எடை மாறும். அந்த வேகத்தில் சுற்றும்போது தாங்காது. அதிலும் மூடி இல்லாமல், வளைந்த அரிவாளுக்குள் விட்டால் சிக்கி உடையாமல் என்ன செய்யும்?

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தொட்டியில் ஊறியதுதான் காரணம், அவர் ஊற்றிய ஒரு கை தண்ணீர் அல்ல. ஆனால் அப்படிப் பிரித்துப் பார்க்க அவருக்கு வராது. தன் கை நீரால்தான் என்று சாகும் வரை நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இங்கே இதை எழுத முடிகிறது.

நான் பட்டறைக்குத் திரும்பியபோது கிரைண்டர் துணி சுற்றி அலமாரியில் இருந்தது. அன்றிலிருந்து சேகர் அதைத் தொடவில்லையாம். அரத்தை வைத்து ராவிக்கொண்டிருந்தான். முதலாளி என்னைப் பார்த்து, "நீ ஓட்டறியாப்பா?" என்றார்.

இவ்வளவு காலம் ஆசைப்பட்டது இப்படித்தான் என் கைக்கு வந்தது. ஓட்டுகிறேன், ஆனால் நான் சொல்கிறபடிதான் என்றேன். மூடியைத் தேடி எடுத்து மாட்டினேன். வைஸ் வாங்க வைத்தேன். இன்னொரு கண்ணாடி வாங்க வைத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சான்றிதழைவிட என் முகம் எடுபட்டது.

புதுக் கண்ணாடி சேகருக்கு. பழையது எனக்கு. அதில் பொறி பட்டு மங்கியிருந்த வலது வட்டத்தை மட்டும் கழற்றிப் புதிதாக மாற்றிக்கொண்டேன். இடது வட்டத்தின் கீறலை அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் எனக்கு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயுத பூஜைக்கு இப்போது மிஷினை ஈரமில்லாத துணியால் துடைத்து, உடம்பில் மட்டும் குங்குமம் வைக்கிறோம். வீலுக்குக் கிடையாது.

போன ஐப்பசியில் அப்பா திருப்பத்தூருக்கு வந்தார். கையில் அதே அரிவாள். வைஸில் இறுக்கி வைத்தேன். அவர் பழக்கத்தில் குடத்தண்ணீரைக் கையில் ஏந்தி வந்துவிட்டார்.

"இதுக்குத் தண்ணி வேணாம்பா."

"தண்ணி காட்டாமயா?"

"இது வேற மாதிரி கல்லு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, கையில் இருந்த தண்ணீரை அரிவாளின் பிடியில் தடவிவிட்டுத் தள்ளி நின்றார்.

வீல் மாட்டிய பிறகு நான் எப்போதும் ஒரு நிமிடம் இரும்பில் வைக்காமல் வெறுமனே சுற்றவிடுவேன், யாரும் நேரே நிற்காமல். கெட்டுப்போன வீல் என்றால் பெரும்பாலும் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். முன்பெல்லாம் ஒரு நிமிடம் என்றால் எனக்குக் கணக்கே இல்லை. இப்போது என் நாளில் அதுதான் மிக நீளமான நேரம். அந்த நேரத்தில் நான் வீலைப் பார்ப்பதில்லை, காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். என் ஒற்றைக் கண்ணை எதிரில் நிற்கும் சேகர் மேல் வைத்திருப்பேன். கீறல் இல்லாத கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள். இரண்டும் இமைக்கின்றன, இரண்டும் என்னைப் பார்க்கின்றன. எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவன் நாடா கொஞ்சம் தளர்ந்திருந்தால்கூட மிஷினை அணைத்துவிடுவேன்.

"இன்னாத்துக்குடா சும்மா சுத்த வுட்டுக்கினு இருக்க?" என்று அப்பா கேட்டார்.

"இருப்பா, பாத்துக்கினு இருக்கேன்" என்றேன்.

சேகர் கையை உயர்த்தித் தன் நாடாவை இழுத்து இறுக்கிக்கொண்டான். அதன் பிறகுதான் அரிவாளின் பக்கம் திரும்பினேன்.